சுண்டுவிரலை வருத்தும் கன்ட்ரோலும் ஷிப்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரையிலிருந்து தொண்டி வரை இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நாள் முழுவதும் விண்ணப்பம் தட்டச்சு செய்வோரிடம் பேசினால், மாலையானதும் இடது சுண்டுவிரலும் மணிக்கட்டின் வெளிப்பக்கமும் கடுக்கின்றன என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். அதிகம் தட்டச்சு செய்வதே காரணம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். என் பார்வையில், எழுத்து விசைகளைவிடக் கன்ட்ரோல், ஷிப்ட் போன்ற துணை விசைகளை அழுத்தும் முறையே பெரும்பாலும் இந்த வலிக்குக் காரணமாகிறது. நங்கூரக் கயிற்றைச் சுண்டுவிரலால் இழுக்கும் மீனவர் எவரும் இல்லை. விசைப்பலகையிலோ, அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய விசைகளையெல்லாம் அந்த விரலிடமே ஒப்படைத்திருக்கிறோம்.

முதன்மையான தவறு, துணை விசையையும் எழுத்தையும் ஒரே கையால் அழுத்துவது. ‘பிறப்புச் சான்றிதழ்’ என்ற இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழ் ஒலிகளை ஆங்கில எழுத்துகளால் உள்ளிடும் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவர், அதில் வரும் இரண்டு றகரங்களுக்கும் ஷிப்டுடன் ‘ஆர்’ விசையை அழுத்த வேண்டும். ‘ஆர்’ இடக்கை விசை என்பதால் வலப்பக்க ஷிப்டையே பயன்படுத்த வேண்டும். எதிர்க்கையால் ஷிப்ட் அழுத்துவது தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் தொடக்கத்திலேயே கற்பிக்கும் பாடம்தான். பழக்கத்தால் இடப்பக்க ஷிப்டையே அழுத்தும்போது, சுண்டுவிரல் கீழே இழுபட, ஆள்காட்டிவிரல் மேலே எட்ட, மணிக்கட்டு வெளிப்புறமாக வளைகிறது. ஒரு நாளில் எத்தனை சான்றிதழ்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி விசை ஒதுக்கும் தமிழ்99 விசைப்பலகை முறைக்கு மாறினால் இந்தச் சுமை பெருமளவு நீங்கும். அதில் தமிழ் எழுத்துகளுக்கு ஷிப்ட் தேவையில்லை. ராமேஸ்வரத்தின் ‘ஸ்’ போன்ற கிரந்த எழுத்துகளுக்கே தேவைப்படும்.

நகலெடுக்கவும் ஒட்டவும் இடப்பக்க மூலையிலுள்ள கன்ட்ரோலை நோக்கிச் சுண்டுவிரலை நீட்டுவதும் இதே வகைத் தவறுதான். ‘சி’, ‘வி’ இரண்டும் இடக்கை விசைகள் என்பதால், வலப்பக்கக் கன்ட்ரோல் இருக்கும் பலகைகளில் அதை வலக்கையால் பிடித்துக்கொள்ளலாம். அது இல்லாத மடிக்கணினியில், விரலை மட்டும் நீட்டாமல் கையையே சற்று நகர்த்துவது நல்லது.

மூலையில் கன்ட்ரோல் இருப்பது இயற்கை நியதி அன்று. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் அது ‘ஏ’ விசைக்கு இடப்பக்கம் இருந்தது. 1980-களின் நடுப்பகுதியில் வந்த 101 விசைப் பலகையே அதை மூலைக்குத் தள்ளி, ‘ஏ’ விசைக்கு அருகிலிருந்த பழைய இடத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கான கேப்ஸ் லாக்கை அமர்த்தியது. ஆப்பிள் கணினிகளில் கமாண்ட் விசை இடைவெளிப் பட்டையின் அருகிலேயே இருப்பதால், வலுவான கட்டைவிரலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாதபோது, அவ்வளவு நல்ல இடத்தைக் கேப்ஸ் லாக்குக்கு விட்டுவைப்பது வீண். விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளால் அதைக் கன்ட்ரோலாக மாற்றலாம். மேக்கிலும் லினக்ஸிலும் அமைப்புகளிலேயே வழி உண்டு. ஆனால் மாற்றியதோடு எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறு; தொலைவு குறையுமே தவிர, உழைப்பது அதே சுண்டுவிரல்தான்.

பலகையின் பின்கால்களை விரித்து உயர்த்துவது மணிக்கட்டை மேல்நோக்கி வளைப்பதால், அவற்றை மடக்கியே வையுங்கள். கடலோரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் ஷிப்ட் போன்ற நீண்ட விசைகளின் அடியிலுள்ள கம்பி துருப்பிடித்து விசை இறுகக்கூடும். அப்போது விரலின் அழுத்தத்தைக் கூட்டாமல், பலகையைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

தைலம் தடவிக்கொண்டு அதே முறையில் தொடர்வதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருளாகலாம் என்பதால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கிக்கொண்டால், ஷிப்டை ஒருமுறை தட்டிவிட்டு விட்ட பிறகு எழுத்தைத் தட்டலாம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை.