தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு: சிறு முதலாளிகள் தவறும் இடங்கள்

லேத் பட்டறையோ தையல் யூனிட்டோ நடத்தும் பலர், "நம்ம ஆளுங்களுக்கு முடியலைன்னா நானே பார்த்துக்கறேன், எதுக்குக் காப்பீடு?" என்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் முதல் தவறு இங்கேதான். காய்ச்சலுக்கு ஐநூறு ரூபாய் கொடுத்துவிடலாம். நெஞ்சுவலி என்று போனவருக்கு ஸ்டென்ட் வைக்கச் சொன்னால் என்ன செய்வது? அட்வான்ஸாகக் கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தக் கடனை அடைத்துக் கூட்டிக்கொள்ள இன்னொரு பட்டறை முன்வந்தால், பழகிய ஆள் கிளம்பிவிடுவார்.

தமிழ்நாட்டில் பத்துப் பேர் வேலை செய்தாலே தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. வந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட வேண்டும். 15,000 சம்பளம் என்றால் முதலாளியின் பங்கு 487 ரூபாய் 50 காசு. அதற்குக் குடும்பத்துக்கே சிகிச்சை கிடைக்கிறது. போதிய நாள் சந்தா கட்டியவர் நோயால் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை வரும். பெண் தொழிலாளிக்கு 26 வாரப் பேறுகாலச் சம்பளமும் உண்டு.

இ.எஸ்.ஐ.யைத் தவிர்க்கப் பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்துவதும், கான்ட்ராக்ட் ஆட்களையும் தினக்கூலிகளையும் கணக்கில் காட்டாமல் விடுவதும்தான் பெரிய ஆபத்தான தவறு. இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு வேலையில் கை போனால், உதவித்தொகை இ.எஸ்.ஐ. கழகத்தின் பொறுப்பு. வேலைக்கு வந்துபோகும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரலாம். பதிவே செய்யாமல் விட்டால் அந்தச் சுமை முதலாளி தலையில் விழும். பிரஸ் மெஷினில் விரல் இழந்தவருக்குத் தர வேண்டிய தொகை, பல ஆண்டுச் சந்தாவைவிடப் பெரிதாக இருக்கும். இதைவிட மோசமானது, தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் தொழிலில் சுற்றவிடுவது. அது அவருடைய பணம். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

சம்பளம் 21,000ஐத் தாண்டிய மாதமே பெயரை எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற அரையாண்டு முடியும்வரை கட்ட வேண்டும்.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே" என்று விடுபவர்களும் உண்டு. அந்தத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகள் அதைத் தாண்டிவிடும்.

சரி, பத்துப் பேர்கூட இல்லை, அல்லது சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டது என்றால் எல்லா ஆட்களுக்கும் சேர்த்து ஒரே பாலிசியாகக் குழுக் காப்பீடு எடுக்கலாம். இங்கே பிரீமியத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் தவறு. மருத்துவமனை அறை வாடகை வரம்பு 3,000 என்று இருக்க, ஆள் 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், பல பாலிசிகளில் அறை வாடகையோடு டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றுக்கும் கிடைக்கும் தொகையும் அதே விகிதத்தில் பாதியாகிவிடும். மீதி தொழிலாளியின் கையை விட்டுப் போகும். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். குழு பாலிசியின் பெரிய பயன் பெரும்பாலும் அதுதான்.

அப்புறம், எடுத்த காப்பீட்டைப் பற்றி ஆட்களிடம் சொல்லாமல் இருப்பது. பிடித்தம் மட்டும் தெரியும், எங்கே போவது என்று தெரியாது. இ.எஸ்.ஐ. என்றால் எந்த டிஸ்பென்சரி என்று காட்டுங்கள். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் விவரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். குழு பாலிசி என்றால் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் மருத்துவமனைப் பட்டியலையும் உதவி எண்ணையும் தமிழில் அச்சடித்து வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வெளிமாநில ஆட்கள் இருந்தால் இந்தியிலும் ஒன்று.