விந்துப் பரிசோதனைக்குப் போகும் முன்

கல்யாணம் கழிந்து ஒரு வருஷம் தாண்டினால் "விசேஷம் ஒண்ணும் இல்லியா மக்ளே?" என்ற கேள்வி நம் ஊரில் மருமகளைத்தான் தேடி வரும். அவளுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் எக்ஸ்ரே எல்லாம் முடிந்த பிறகும் கணவர் லேப் வாசலை மிதித்திருக்க மாட்டார். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. இருவரின் பரிசோதனைகளில் ஊசியும் வலியும் இல்லாதது அவருடையதுதான். அதனால் அதை முதலில் எடுங்கள். எடுக்கும்போது சரியாக எடுங்கள். தப்பாகக் கொடுத்த சாம்பிளின் ரிப்போர்ட்டை நம்பி மாசக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் நிறைய.

முதலில் அந்த "ஒரு வருஷ"க் கணக்கு. தடுப்பு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்து 12 மாசம் ஆகியும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போகலாம். மனைவிக்கு 35 வயது தாண்டிவிட்டால் 6 மாசமே போதும். இது சேர்ந்து இருந்த மாசங்களின் கணக்கு, கல்யாணத் தேதியின் கணக்கு இல்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறவர் ஒரு மாசத்துக்கு மேல் கடலில் கிடந்துவிட்டுச் சில நாள்தான் வீட்டில் இருப்பார். வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கு வருஷத்தில் கிடைப்பதே ஒன்றிரண்டு மாச லீவு. மனைவியின் முட்டை வெளியே வந்தபின் 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு அவள் உடம்புக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆக மாதத்தில் சுமார் 6 நாள்தான் கரு உண்டாகும் நாள். அடுத்த மாதவிலக்கு வரும் தேதிக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால் முட்டை வெளியேறும். 28 நாள் சுற்று உள்ளவளுக்கு அது 14ஆம் நாள் வாக்கில். 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள் வாக்கில். அவர் கரைக்கு வந்த நாட்களும் இந்த 6 நாட்களும் எத்தனை முறை ஒத்து வந்தன என்று பழைய காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் அது 4 முறைதான் என்று தெரிய வந்தால், குறை உடம்பில் இல்லாமல் தேதியில் இருக்கலாம்.

இனி உறுப்பு. விதைகள் உடம்புக்கு வெளியே பையில் தொங்குவதற்குக் காரணம் சூடு. விந்தணு உருவாக உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். குளிரில் பை சுருங்கி மேலேறுவதும், வெக்கையில் தளர்ந்து இறங்குவதும் அதற்காகத்தான். ஒவ்வொரு விதைக்குள்ளும் நூலைவிட மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரில்தான் விந்தணு பிறக்கிறது. அங்கிருந்து விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் விந்தகமேற்குழாய்க்குப் போகிறது. நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும் அந்த ஒற்றைக் குழாயில் ஊர்ந்து வரும்போதுதான் அது நீந்தும் திறனைப் பெறுகிறது. பிறகு விந்து நாளம் வழியாக மேலே ஏறி, விந்துப்பையின் நீரோடும் புராஸ்டேட்டின் நீரோடும் கலந்து வெளியே வருகிறது. வெளிவரும் விந்தில் விதையிலிருந்து வந்த பங்கு நூற்றில் 5கூட இருக்காது. மிச்சமெல்லாம் இந்த இரண்டு சுரப்பிகளின் நீர். எனவே கெட்டியா தண்ணியா என்று கண்ணால் பார்த்து விந்தணுவின் கணக்கைச் சொல்லவே முடியாது. கருத்தடை ஆபரேஷன் செய்தவருக்கும் விந்து பார்வைக்கு அப்படியேதான் வரும். "ஒரு துளி விந்து நாப்பது துளி ரத்தம்" என்ற பேச்சுக்கும் உடம்பில் இடமில்லை. சொப்பன ஸ்கலிதத்தால் சக்தி போய்விட்டது என்று லேகியத்துக்குக் காசைக் கொட்டும் பையன்களுக்கு இதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். மேற்குழாயில் நடக்கும் பயணத்தையும் சேர்த்தால் மூன்று மாசம். இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இன்று கொடுக்கும் சாம்பிள் மூன்று மாசத்துக்கு முன்பிருந்த உடம்பைக் காட்டுகிறது. அக்டோபரில் டெங்குவோ வேறு கடும் காய்ச்சலோ வந்து போயிருந்தால் நவம்பரில் எண்ணிக்கை விழுந்து கிடக்கும். ஜனவரி கடைசியில் எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். பீடி, சிகரெட்டை விட்டால் பலனும் அப்படித்தான், மூன்று மாசம் கழித்து.

சாம்பிள் கொடுக்கும் முன் 2 நாளுக்குக் குறையாமலும் 7 நாளுக்கு மேற்படாமலும் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். 3 அல்லது 4 நாள் வசதி. மறுமுறை எடுக்கும்போதும் அதே இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட முடியாது. நாற்பது நாள் கழித்துக் கரையிறங்கியவர் அன்று மாலையே டப்பாவை வாங்கிக்கொண்டு போகக் கூடாது. பல நாள் தேங்கியதில் அளவும் எண்ணிக்கையும் கூடுதலாக வரும், ஆனால் பழைய அணுக்கள் சேர்ந்து அசைவு குறைந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை வெளியேறிய பின் மூன்று நாள் விட்டுக் கொடுத்தால் ரிப்போர்ட் நேராக இருக்கும்.

சாம்பிளை லேபிலேயே கொடுப்பது நல்லது. அவர்கள் தரும் வாயகன்ற டப்பாவில் மட்டும் எடுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், மாத்திரை டப்பா எதுவும் ஆகாது. முதலில் சிறுநீர் கழித்துவிட்டுக் கையையும் உறுப்பையும் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு போக நன்றாக அலம்பி, ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கூடவே கூடாது. நம் வீடுகளில் கைக்கு முதலில் கிட்டுவது தேங்காயெண்ணெய்தான். ஆனால் எண்ணெய், எச்சில், கிரீம் எதுவாக இருந்தாலும் விந்தணுவின் அசைவைக் கெடுக்கும். கடையில் வாங்கும் ஆணுறையும் அப்படியே. உடலுறவில்தான் எடுக்க முடியும் என்றால் அதற்கென்றே தனி உறை இருக்கிறது, லேபில் கேளுங்கள். உறவின் நடுவில் விலகி டப்பாவில் பிடிப்பதும் சரிப்படாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு மிக அதிகம், அந்தத் துளிகள்தான் சிந்திப்போகும். சிந்தியிருந்தால் வெட்கப்படாமல் லேபில் சொல்லுங்கள்: "அண்ணே, முதல்ல வந்தது கொஞ்சம் சிந்திப் போச்சு." அவர்கள் அதை ரிப்போர்ட்டில் எழுதுவார்கள், அல்லது வேறொரு நாள் வரச் சொல்வார்கள். சொல்லாமல் மறைத்தால் அந்தக் குறைவு உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

லேபின் குளியலறையில் கதவுக்கு வெளியே ஆள் நடமாட்டம் கேட்டால் பலருக்கு முடியாமல் போகும். அது நோய் இல்லை. வீட்டில் எடுத்து வர அனுமதி கேளுங்கள், ஆனால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். அரை மணிக்குள் கொடுப்பது உத்தமம், ஒரு மணி நேரம் எல்லை. குலசேகரத்திலிருந்தோ கொல்லங்கோட்டிலிருந்தோ பஸ் பிடித்து நாகர்கோவில் வந்தால் அந்த எல்லை வழியிலேயே தீர்ந்துபோகும். பக்கத்தில் மார்த்தாண்டம் போன்ற இடத்தில் லேப் பாருங்கள், அல்லது லேப் இருக்கும் ஊரில் உறவுக்காரர் வீட்டில் இரவு தங்கிக் காலையில் எடுங்கள். டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். ஐஸில் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் பைக் சீட்டுக்கு அடியில் வைக்கவே வேண்டாம். 20 டிகிரிக்குக் கீழேயும் 37க்கு மேலேயும் போனால் அசைவு கெடும். டப்பாவில் பெயர், எடுத்த நேரம், எத்தனை நாள் இடைவெளி என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

எடுத்தவுடன் விந்து இளநீர் வழுக்கைபோலக் கட்டியாகக் கிடக்கும். 15 முதல் 30 நிமிஷத்தில் இளகிவிடும். 60 நிமிஷம் ஆகியும் இளகாவிட்டால் அதைக் குறிப்பார்கள். இளகிய பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்களுக்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள். எடுத்தது 9 மணி, பார்த்தது 11.30 என்று இருந்தால் அசைவு குறைவு என்ற வரியை நம்ப வேண்டாம். நேரமே எழுதாத ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அளவுகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், மொத்தமாக 3 கோடியே 90 லட்சம், அசைபவை நூற்றுக்கு 42, முன்னோக்கி நீந்துபவை 30, சரியான வடிவம் உள்ளவை 4. ரிப்போர்ட்டில் மில்லியன் என்று இருக்கும். ஒரு மில்லியன் என்றால் பத்து லட்சம். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை எடுத்துப் பார்த்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் தொடங்கும் இடத்தில் போட்ட கோடுதான் இது. கோட்டுக்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் உண்டு, மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. சில லேபுகள் இன்னும் 2 கோடி என்ற பழைய கோட்டையே அச்சடிக்கின்றன. வடிவக் கணக்கில்தான் வீடுகளில் அழுகை அதிகம்: "96 சதவீதம் கோளாறு" என்று படித்ததும் உலகம் இடிந்துபோகிறது. 4 சதவீதம் சரியாக இருந்தாலே அந்தக் கோட்டைத் தொட்டாயிற்று.

ஒரு கணக்கை நீங்களே போடுங்கள். அளவு, ஒரு மில்லியின் எண்ணிக்கை, அசைபவற்றின் சதவீதம் மூன்றையும் பெருக்குங்கள். ஒருவருக்கு 1.5 மில்லி, மில்லிக்கு 2 கோடி, அசைவு 45 சதவீதம்: அசையும் அணுக்கள் 1 கோடியே 35 லட்சம். இன்னொருவருக்கு 4 மில்லி, மில்லிக்கு 1 கோடியே 20 லட்சம், அசைவு அதே 45: வருவது 2 கோடியே 16 லட்சம். "கவுண்ட் குறைவு" என்று பெயர் வாங்கியவரிடம்தான் கூடுதலாக இருக்கிறது.

"பஸ் செல்" (pus cell, சீழில் இருக்கும் வெள்ளணு) என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டாம். முதிராத விந்தணுவும் உருண்டையாகத்தான் தெரியும்; அது வெள்ளணுதானா என்று சாயம் போட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. ஒரு மில்லியில் 10 லட்சத்துக்கு மேல் வெள்ளணு இருந்தால்தான் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் அது தீர்ப்பு இல்லை. ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை இரண்டு மடங்குகூட மாறும். சில வாரங்கள் விட்டு இன்னொன்று எடுங்கள், முடிந்தால் அதே லேபில்.

டாக்டர் கையால் தொட்டுப் பரிசோதிப்பதைத் தவிர்க்காதீர்கள். பலர் பேப்பரை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வீட்டிலும் பார்க்கலாம். வெந்நீரில் குளித்த பின், நின்றுகொண்டு, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் விதையை மெல்ல உருட்டுங்கள். தோலுரித்த அவித்த முட்டைபோல வழுவழுப்பாக இருக்கும். நீளம் 4 முதல் 5 செ.மீ. பின்னால் மெத்தென்று ஒரு மேடு தட்டுப்படும், அதுதான் மேற்குழாய், கட்டி இல்லை. விதையின் மேலேயே கல்போல வலிக்காத கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். விதைக்கு மேலே மண்புழு சுருண்டதுபோல் புடைத்த ரத்தக்குழாய்கள் தட்டுப்பட்டு, படுத்தால் மறைந்தால் அது வெரிகோசீல். இடப்பக்க ரத்தக்குழாய் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் இடது பக்கம்தான் அதிகம். கைக்குத் தட்டுப்பட்டு, விந்துக் கணக்கும் குறைந்திருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். ஸ்கேனில் மட்டும் தெரிகிறதற்குக் கத்தி வேண்டாம்.

அவசரம் என்று ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிய பையனுக்குத் திடீரென்று ஒரு பக்க விதையில் கடும் வலியும் வாந்தியும் வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். பையன் கூச்சத்தில் "வயிறு வலிக்குவும்மா" என்றுதான் சொல்வான், கேட்டுப் பாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்தில் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ உடனே கிளம்புங்கள்.

போட்டின் எஞ்சின் அறை, பேக்கரி அடுப்பு, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை என்று சூட்டிலேயே நிற்கிற வேலை சிலருக்கு எண்ணிக்கையைக் குறைக்கும். வேலையை விடச் சொல்லவில்லை, ஜட்டியைத் தளர்வாக்குங்கள், இடையிடையே வெளியே வாருங்கள். வாழைக்கு மருந்தடிப்பவர்கள் கையுறையை விட வேண்டாம்: மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்கு விந்தணுவே இல்லாமல் போனது 1977இல் கலிபோர்னியாவில் தெரிய வந்தது. ஜிம்மில் தசைக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி இன்னும் நேரான கெடுதல். வெளியிலிருந்து வந்ததைக் கண்டதும் மூளை விதைக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி பூஜ்யத்துக்கே போகலாம். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் பல மாசம் பிடிக்கும். டாக்டர் கேட்டால் இந்த ஊசியை மறைக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் அணுவே இல்லை என்று வந்தால், சாம்பிளைச் சுழற்றி அடியில் தங்கியதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அப்படிப் பார்த்து இரண்டாவது முறையும் இல்லையென்றால் அடுத்தது எஃப்எஸ்ஹெச் (விதையை வேலை வாங்க மூளைப் பக்கத்திலிருந்து வரும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை. எஃப்எஸ்ஹெச் சாதாரணமாக இருந்து விதையின் பருமனும் சரியாக இருந்தால் உற்பத்தி நடக்கிறது, வழியில் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். அளவும் குறைந்து, பிஹெச் (புளிப்பு-காரத் தன்மையின் அளவு) 7.2க்குக் கீழே போய், விந்துப்பை நீரில் வரும் சர்க்கரையான ஃபிரக்டோஸ் இல்லை என்றால் விந்து நாளம் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம், அல்லது விந்துப்பையின் வாயில் அடைப்பு இருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவருக்கு விந்து பின்னோக்கிப் போய் மூத்திரப்பையில் விழுவதும் உண்டு. வெளியேறிய உடனே சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். எஃப்எஸ்ஹெச் உயர்ந்து விதையும் சிறுத்திருந்தால் உற்பத்தியில்தான் குறை, அப்போதும் சிலருக்கு விதைக்குள்ளிருந்தே அணுவைத் தேடி எடுக்க முடிகிறது. எந்த ஆஸ்பத்திரிக்கு மாறினாலும், திருவனந்தபுரம் போனாலும், பழைய ரிப்போர்ட் அத்தனையையும் தேதி வரிசையில் அடுக்கிக் கையோடு கொண்டு போங்கள்.