'தி இன்னர் லைட்' அத்தியாயத்தை மீண்டும் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்தில் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைத் தேடிப் பிடித்துப் பார்க்கும் இளையவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ஐந்தாம் பருவத்தின் 25ஆவது அத்தியாயமான 'தி இன்னர் லைட்'. அது அமெரிக்காவில் 1992 ஜூன் 1 அன்று ஒளிபரப்பானபோது வட இலங்கையில் எங்கள் வன்னியில் மின்சாரமே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. பல ஆண்டுகள் தாமதமாக எங்களிடம் வந்து சேர்ந்த அந்த 45 நிமிடங்களை இன்றைய பிள்ளைகள் பார்க்கும் முறையைக் காணும்போது, ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே பிழைகள் அப்படியே திரும்பி வருவது தெரிகிறது. பேசாமல் இருக்க வேண்டும், கைத்தொலைபேசியை அணைக்க வேண்டும் என்பவற்றை எவரும் அறிவர் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. அத்தியாயத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அதைப் பார்த்த பின் வந்து மிகுதியைப் படிப்பதே நல்லது.

கதையை நினைவுபடுத்திக்கொள்வோம். என்டர்பிரைஸ் கப்பலின் தலைவர் பிக்கார்டை, விண்வெளியில் எதிர்ப்பட்ட ஓர் ஆய்வுக்கலத்தின் கதிர் தாக்குகிறது. அவர் மயங்கி விழுந்து, கட்டான் என்ற கோளில் ரெசிக் என்ற ஊரில் காமின் என்ற இரும்புக் கைவினைஞராகக் கண்விழிக்கிறார். எலீன் என்ற பெண் தன்னை அவருடைய மனைவி என்கிறாள். முதலில் மறுத்து, பிறகு தேடி, கடைசியில் ஏற்றுக்கொண்டு, பிள்ளைகள் பெற்று, குழல் வாசிக்கப் பழகி, மனைவியை இழந்து, பேரனைக் கண்டு, ஒரு முழு வாழ்நாளை அங்கே வாழ்ந்து முடிக்கிறார். கப்பலில் கடந்தது ஏறக்குறைய 25 நிமிடங்கள் மட்டுமே. அந்தக் கோளின் சூரியன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெடித்துவிட்டது. தங்களை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக அந்த மக்கள் அனுப்பிய கலமே பிக்கார்டைக் கண்டடைந்தது.

பிக்கார்டை அறியாதவருக்கு இதை முதலாவதாகக் காட்டுவது

நல்ல அத்தியாயம் என்பதால் இதையே முதலில் காட்டித் தொடருக்குள் இழுத்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். கதை அப்போதும் விளங்கும்; ஆனால் இழந்தவர் யார் என்பது விளங்காது. 1987இல் வந்த முதல் அத்தியாயத்திலேயே, பிள்ளைகளிடம் பழகத் தனக்குத் தெரியாது என்று பிக்கார்ட் தன் துணைத் தலைவரிடம் சொல்லிவிடுகிறார். நான்காம் பருவத்தில் வரும் 'ஃபேமிலி' அத்தியாயத்தில், பிரான்சில் உள்ள தன் ஊருக்குப் போய், திராட்சைத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட அண்ணனுடன் மோதி அழுகிறார். குடும்பத்தை விட்டு விலகி வந்து கடமையையே வாழ்வாக்கிக்கொண்ட மனிதர் அவர் என்பதை அறிந்தவருக்குத்தான், காமின் தன் குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழா வயிற்றைப் பிசையும். ஆகக் குறைந்தது 'ஃபேமிலி' அத்தியாயத்தையும் அதற்கு முன்வரும் 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' இரு பகுதிகளையும் பார்த்த பின் இதற்கு வர வேண்டும்.

நடுப்பகுதியை ஓட்டிவிட்டு முடிவுக்குத் தாவுவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். அழ வேண்டும் என்ற எண்ணத்தோடு உட்காருபவர்கள், அழுகை வரும் இடம் தெரியும் என்பதால் நேராக அங்கே போகிறார்கள். கடைசிக் குழல் காட்சியை மட்டும் வெட்டியெடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு மாலை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இதைப் போட்டோம். வந்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே பார்த்தவர்கள், மற்றவர்கள் புதியவர்கள். மின்சாரம் எந்நேரமும் போகலாம் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. மடிக்கணினியின் முன்னால் இருந்த தம்பி பலமுறை பார்த்தவர். காமின் ரெசிக்கில் கண்விழித்து ஊரைச் சுற்றிப் பார்த்த காட்சி முடிந்ததும், "இனி உது வெறும் குடும்பக் கதை, முடிவுதான் விசயம்" என்று சொல்லிவிட்டு, ஏவுகணை புறப்படும் காட்சிக்குத் தாவிவிட்டார். கூசும் வெயிலில் நரைத்த தலையோடு நிற்கும் முதியவரைக் கண்டதும், பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "தம்பி, உந்தக் கிழவன் ஆர்?" என்று கேட்டார். பழைய ஆள்தான் என்று பதில் வந்தது. குழலோசை எழுந்தபோது முன்பே பார்த்தவர்கள் கண்களைத் துடைத்தார்கள். புதியவர்கள் அவர்களுடைய துயரத்துக்கு மரியாதை கொடுத்து அமைதியாக இருந்தார்கள். முடிவு தெரிந்துவிட்ட ஒரு கதையை அந்த அம்மா இனி எத்தனை முறை முழுமையாகப் பார்த்தாலும், தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்காது. இன்னொருவருடைய முதல் பார்வையை இப்படிப் பறிப்பதற்கு, பலமுறை பார்த்தவர் என்ற தகுதி எவருக்கும் உரிமை தருவதில்லை.

தனியே பார்ப்பவருக்கும் இதே இழப்புத்தான். அந்த முடிவின் கனம் முழுவதும் நடுப்பகுதியில், மிகச் சாதாரணமான காட்சிகளில் சேர்க்கப்படுகிறது. வறட்சியில் வாடும் ஊரின் நடுவே, குடிக்கவே நீர் போதாத நாளில் நட்டுவைத்த ஒரு மரக்கன்று. காற்றிலிருந்து நீரைப் பிடிக்கும் கருவிகளை ஊர்தோறும் அமைக்கலாம் என்று காமின் நிர்வாக அதிகாரியிடம் மன்றாடுவதும், அவர் அதைத் தட்டிக்கழிப்பதும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை வைத்து நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒருமுறையாவது இருந்த எவருக்கும் அந்தக் காட்சியின் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். வளர்ந்த மகள் மெரிபோர் மண்ணை ஆராய்ந்துவிட்டு வந்து, இது கடந்துபோகும் வறட்சி இல்லை என்று தந்தையிடம் சொல்லும்போது, அவர் அதை முன்பே அறிந்திருக்கிறார் என்பதை நாம் அவருடைய முகத்திலிருந்து அறிகிறோம். எலீன் இறக்கும் தறுவாயில் கணவனுக்குச் சொல்வது சப்பாத்துகளை எடுத்து வைக்கும்படிதான். அந்த வீட்டுக்குள் ஆண்டுக்கணக்காகக் கூடவே இருந்து வந்தவருக்கு அது தாங்க முடியாத வார்த்தை; தாவி வந்தவருக்கு அது விளங்காத ஒரு வரி.

மீண்டும் பார்ப்பவருக்கென்றே நடுப்பகுதியில் வைக்கப்பட்டவையும் உண்டு. எலீன் கழுத்தில் அணிந்திருக்கும் பதக்கம் அந்த ஆய்வுக்கலத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. முதன்முறை அது பிக்கார்டின் சந்தேகத்துக்கு ஒரு தடயம் மட்டுமே. இரண்டாம் முறை பார்க்கையில், எலீன் வரும் ஒவ்வொரு காட்சியிலும் அந்த ஊரின் முடிவு அவளுடைய கழுத்திலேயே தொங்குவதைக் காண்கிறோம். காமினின் மகனாக இளவயதில் நடிப்பவர், பிக்கார்டாக நடிக்கும் பேட்ரிக் ஸ்டுவர்ட்டின் சொந்த மகன் டேனியல் ஸ்டுவர்ட். இதை அறிந்துகொண்டு பார்க்கும்போது தந்தையும் மகனும் வரும் காட்சிகளில் இன்னொரு வெப்பம் சேர்கிறது. இவை எதுவும் முடிவுக்குத் தாவுபவருக்குக் கிடைப்பதில்லை.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கட்டான் மக்கள் தங்கள் சூரியன் வெடித்த கதையை அனுப்பவில்லை. அவர்களுடைய தொழில்நுட்பம் அப்போதுதான் சிறிய ஏவுகணைகளை அனுப்பும் அளவுக்கு வளர்ந்திருந்தது. எந்த மனிதரையும் காப்பாற்ற அது போதாது. கிடைத்த சிறு இடத்தில் அவர்கள் வைத்தது ஒரு கைவினைஞரின் நாளாந்த வாழ்க்கையை: வீட்டுச் சண்டை, நண்பனின் பிரிவு, பிள்ளைகளின் பிடிவாதம், மாலையில் வாசித்த குழல். அழிவைப் பார்த்து அழுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் இப்படி வாழ்ந்தோம், அதைப் பாருங்கள் என்றே கேட்டார்கள். நடுப்பகுதியை ஓட்டிவிடுபவர் அந்த மக்கள் கேட்ட ஒன்றே ஒன்றை மறுத்துவிடுகிறார்.

படத்தை இழுத்து அகலமாக்குவது

இத்தொடர் 4:3 அளவில் எடுக்கப்பட்டது. 2012 முதல் வெளியான மெருகூட்டிய பதிப்பு மூலப் படச்சுருளிலிருந்து புதிதாக எடுக்கப்பட்டதால் மிகத் தெளிவாக இருக்கிறது. அதிலும் அளவு மாறவில்லை. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்பாக இருக்கிறது என்று படத்தை இழுத்து நிரப்பினால் முகங்கள் பருத்துவிடும். முகங்களையே நம்பி எடுக்கப்பட்ட அத்தியாயம் இது.

'இது எங்கள் கதைதான்' என்று தொடக்கத்திலேயே அறிவிப்பது

வன்னியில் இதைப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்ணம் வராமல் இருக்காது, வரவும் வேண்டும். ஆனால் பார்க்கத் தொடங்கும்போதே அதைச் சொல்லிவிட்டால், பிறகு கட்டானை எவரும் பார்ப்பதில்லை. மரக்கன்று வந்தால் ஓர் ஒப்பீடு, வறட்சி வந்தால் இன்னோர் ஒப்பீடு என்று ஒவ்வொரு காட்சியும் எங்களுக்குரிய குறியீடாக மாறி, எலீனும் மெரிபோரும் ஆட்களாக இருப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டானை அழித்தது ஒரு விண்மீன். அங்கே குற்றவாளி இல்லை, தடுத்திருக்கக் கூடியவர் இல்லை, பதில் சொல்ல வேண்டியவர் எவரும் இல்லை. 2009இல் இந்த மண்ணில் நடந்ததை மனிதர்கள் செய்தார்கள். இரண்டையும் ஒன்றாக்குபவர், தான் அறியாமலேயே எங்கள் இழப்பையும் வானத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார். ஒரு கலந்துரையாடலில் படித்த ஒருவர், 'எல்லா இனங்களும் ஒருநாள் அழியத்தானே வேண்டும்' என்ற இடத்துக்கு இந்த அத்தியாயத்தை வைத்தே வந்து சேர்ந்தபோது, அங்கே உறவுகளைத் தொலைத்துவிட்டு இன்றும் பதில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் எவரும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவர்கள் மற்றவர்கள்.

ஒப்பீடு பொருந்தும் இடம் வேறு. எதைப் பாதுகாத்தார்கள் என்ற இடத்தில் அது பொருந்தும். எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் 2009 மே மாதத்தைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடும். அம்மப்பா எந்த வயலில் எந்த நெல்லை விதைத்தார், காலபோகத்தில் குளத்தின் வான் கதவு திறந்தால் யார் வீட்டுக்கு முதலில் சேதி போகும், இடம்பெயர முன்னர் முற்றத்தில் நின்ற மரம் எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அத்தியாயம் முடிந்து சிறிது நேரம் கழிந்த பின், பெரியவர்களிடம் அந்த வாழ்நாட்களைப் பற்றிக் கேட்கும் பேச்சாக ஒப்பீடு தொடங்கட்டும். நாங்கள் போட்ட நாட்களில் அப்படித் தொடங்கிய பேச்சுகளே நெடுநேரம் நீண்டன.

அடுத்த அத்தியாயத்தைத் தானாக ஓட விடுவது

அந்த வசதியை முன்கூட்டியே அணைத்து வையுங்கள்.

நோவாவைப் பிடித்துக்கொண்டு வாதிடுவது

கட்டானின் சூரியன் நோவாவாக வெடித்தது என்று அத்தியாயம் சொல்வதில், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் பிழை காண்பது சரிதான். இறந்த விண்மீனின் எச்சமான வெண்குறுமீன் ஒன்று தன் இணை விண்மீனிடமிருந்து இழுத்த வாயு அதன் மேற்பரப்பில் வெடிப்பதையே வானியலில் நோவா என்பர். ஒரு கோளுக்கு வெயில் தரும் தனிச் சூரியன் அப்படி வெடிக்காது. தொடர் அந்தச் சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துகிறது. இதை அத்தியாயம் முடிந்த பின் பேசுவதற்கு நேரம் நிறைய இருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர் அழுகிறாரா என்று பார்ப்பது

வேண்டாம்.

பெரியவர்களுக்கு வரிக்கு வரி மொழிபெயர்ப்பது

ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுடன் பார்க்கும்போது, ஒவ்வொரு வசனத்தையும் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவது இருவருக்கும் அத்தியாயத்தைக் கெடுத்துவிடும். சொல்பவர் முகங்களைப் பார்ப்பதில்லை. கேட்பவர் சொல்பவரையே பார்க்கிறார். தொடங்குமுன், பிக்கார்ட் யார், கப்பல் என்ன, அவர் காமினாகக் கண்விழிக்கிறார் என்பது வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதன்பின் ஆண்டுகள் கடக்கும் இடங்களில் 'சில வருசம் போயிட்டுது' என்றும், இறப்பு வரும் இடத்தில் யார் என்றும் மட்டும் சொன்னால் போதும். குடும்பம், வறட்சி, மூப்பு ஆகியவற்றுக்கு விளக்கம் கேட்ட ஒரு பெரியவரையும் நான் கண்டதில்லை. அதிகாரி உண்மையை ஒப்புக்கொள்ளும் காட்சியை மட்டும் நிறுத்தி இரண்டு வரியில் சொல்லுங்கள். அரசு முன்பே அறிந்திருந்தது என்பது அங்கேதான் தெரியவருகிறது.

'லெஸன்ஸ்' அத்தியாயத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவது

அந்தக் காலத்துத் தொடர்களின் வழக்கப்படி அடுத்த அத்தியாயத்தில் பிக்கார்ட் எதுவும் நடக்காதவர் போலப் பணிக்குத் திரும்பிவிடுகிறார். ஒரு முழு வாழ்நாளை இழந்தவர் எப்படி உடனே தேறினார் என்று இளையவர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறை நியாயமானது. அதற்குரிய பதில் ஆறாம் பருவத்தில், 1993 ஏப்ரலில் ஒளிபரப்பான 'லெஸன்ஸ்' அத்தியாயத்தில் இருக்கிறது. கப்பலுக்குப் புதிதாக வரும் நெல்லா டேரன் என்ற அறிவியலாளர் பியானோ வாசிப்பவர். அவருடன் சேர்ந்து வாசிக்க பிக்கார்ட், ஆய்வுக்கலத்துக்குள் கிடைத்த அந்த ரெசிக் குழலை எடுக்கிறார். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு அவரிடம் தன் வாயால் சொல்கிறார். 'தி இன்னர் லைட்' அத்தியாயத்தை மீண்டும் பார்த்த அன்றே இதையும் பார்த்தால் இரண்டும் கலந்துவிடும். ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, இதற்கென்று தனியாக ஒரு மாலையை ஒதுக்கிப் பார்க்க வேண்டும்.