முதல் பைப் வாங்குகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

புகையிலை பிடிக்கும் பைப்பைப் புதிதாக வாங்கியவர்கள் ஆசையாக எடுத்துக் காட்டும்போது எனக்குப் பெரும்பாலும் என் பழைய பைப்தான் ஞாபகம் வரும். வெளியே பளபளப்பு, அழகான வளைவு, உள்ளே கோளாறு. விரிசல் விட்டதை வாங்காதே, பிளாஸ்டிக் வேண்டாம் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அதனால் மற்றதைச் சொல்கிறேன்.

துளையைப் பார்க்காமல் வாங்குவது

நல்ல பைப்பைப் பெரும்பாலும் பிரையரில் செய்வார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றி வளரும் ஒரு புதர்ச்செடியின் அடிவேரில் திரளும் முண்டு அது, சூடு தாங்கும். வாங்குகிறவர்கள் அந்த மரத்தின் ரேகையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். ரேகை கண்ணுக்கு. புகை வருவது துளை வழியாக.

காற்றுத்துளை, புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் அடியில், நடுவே வந்து திறக்க வேண்டும். மேலே ஏறித் திறந்தால் அடிப் புகையிலை எரியாமல் ஊறிச் சேறாகிவிடும். கிண்ணத்தையே ஒருபக்கமாகக் குடைந்திருந்தால் அந்தச் சுவர் மெலிந்து, ஒருநாள் கருகி ஓட்டையாகும். வாய்த்தண்டு மரத்துக்குள் முழுசாகப் போய் உட்காராவிட்டால் இடைவெளியில் ஈரம் தேங்கி, இழுக்கும்போதெல்லாம் களகளவென்று சத்தம் கேட்கும்.

நண்பரின் தம்பி ஒருவர், நாக்கு எரிகிறது, கசப்புத் தண்ணீர் வாய்க்கு வருகிறது என்று புகையிலையை டப்பா டப்பாவாக மாற்றிக்கொண்டிருந்தார். பைப்பை வாங்கி, துளையைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பியான பைப் கிளீனரை விட்டுப் பார்த்தேன். பாதியிலேயே நின்றது. கிண்ணத்துக்குள் டார்ச் அடித்தால் துளை ஒரு விரல் அகலம் மேலே இருக்கிறது! விற்றவர் அவரிடம் சொன்னது: "போகப் போகச் சரியாயிடும் சார்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழகப் பழக உட்சுவரில் கரி படியும், சுவை மாறும், சரி. துளை இடம் மாறுமா? வீணாக்கிய புகையிலைக் காசுக்கே இன்னொரு நல்ல பைப் வந்திருக்கும்.

கடைக்குப் போனால் கையில் ஒரு பைப் கிளீனர் இருக்கட்டும். தண்டைக் கழற்றாமல் நுழைத்தால் அது கிண்ணத்தின் அடியில் தலை நீட்ட வேண்டும். (ஈரம் தேங்கவென்றே தனிக் குழி வைத்துச் செய்யும், பீட்டர்சன் நிறுவனத்தின் சிஸ்டம் பைப் விதிவிலக்கு.) இணையத்தில் வாங்கினால் கிண்ணத்துக்குள் எடுத்த படம் கேளுங்கள். அனுப்பவில்லையா, விட்டுவிடுங்கள்.

சொரசொரப்பானதை ஒதுக்குவது

பிரையரில் சின்னச் சின்னக் குழிகள் இருப்பது சகஜம். மலிவான வழவழப்பு பைப்பில் அவற்றைப் பட்டி வைத்து அடைத்து, மேலே கெட்டியாகச் சாயமும் வார்னிஷும் ஏற்றிவிடுவார்கள். சான்ட்பிளாஸ்ட் செய்ததில், அதாவது மணலைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியதில், அந்தக் குழிகள் வேலைப்பாட்டோடு கரைந்துபோகும். அதே தயாரிப்பாளரின் வழவழப்பு பைப்பைவிட விலையும் பெரும்பாலும் குறைவு. குறைந்த பட்ஜெட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஃபில்டர் இருந்தால் ஆபத்தில்லை என்று நம்புவது

இல்லை. வாய்ப் புற்றுநோய் ஃபில்டரைப் பார்த்து ஒதுங்காது.

சோளப் பைப்பை இளக்காரமாகப் பார்ப்பது

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் மக்காச்சோளக் கதிரில் பைப் செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் வாயில் இருந்ததும் சோளப் பைப்தான். துளை இதிலும் சற்று மேலேதான் இருக்கும், ஆனால் கதிர்க்கட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல பிரையர் விலையில் சின்னப் பங்கு போதும். பைப் பழக்கம் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிவதற்குள் பெரிய காசை ஏன் போட வேண்டும்?

காசு முழுவதையும் பைப்பிலேயே கொட்டுவது

கிளீனருக்கும், புகையிலையை அழுத்திவிடும் டாம்பருக்கும் மிச்சம் வையுங்கள்.

பழைய பைப் என்றாலே பயப்படுவது

எபோனைட் என்ற கெட்டி ரப்பர் தண்டு வெயில் பட்டு மஞ்சளாகியிருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம், அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம். தண்டு சொருகும் வாயில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று மட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.