ஆக்சிஜனேற்றி எது, ஒடுக்கி எது: தவிர்க்க வேண்டிய பிழைகள்

நீலநிறக் காப்பர் சல்பேட் கரைசலில் துத்தநாகத் துண்டு ஒன்றைப் போட்டு வைத்தால், நீலம் மெல்ல வெளுத்து, துண்டின் மேல் செம்பழுப்பாகத் தாமிரம் படிகிறது. இவ்வினையில் எலக்ட்ரான்களை இழந்து ஆக்சிஜனேற்றம் அடைவது துத்தநாகம் என்று சரியாகக் கண்டுபிடித்த மாணவரே, அடுத்த வரியில் அதையே ஆக்சிஜனேற்றி என்று எழுதிவிடுகிறார். தான் இழந்த எலக்ட்ரான்களைக் காப்பர் அயனிக்குக் கொடுத்து அதை ஒடுக்குவதால் துத்தநாகம் ஒடுக்கியாகும். அவற்றை ஏற்கும் காப்பர் அயனியே ஆக்சிஜனேற்றி.

நிறம் மாறினாலே எலக்ட்ரான் கைமாறிவிட்டது என்று கொள்வதும் தவறு. மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட் கரைசல் அமிலம் சேர்த்ததும் ஆரஞ்சு நிற டைகுரோமேட்டாக மாறினாலும், குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் (அணு எலக்ட்ரான்களை இழந்தால் ஏறி, ஏற்றால் இறங்கும் கணக்கு எண்) முன்னும் பின்னும் +6 ஆகவே இருப்பதால், அங்கு ஆக்சிஜனேற்றியும் இல்லை, ஒடுக்கியும் இல்லை.

இவற்றைவிட ஆழமான பிழை, ஒரு சேர்மத்தின் பெயரைக் கண்டவுடன் அதன் பங்கை முடிவு செய்வது. ஹைட்ரஜன் பெராக்சைடு அமில ஊடகத்தில் பொட்டாசியம் அயோடைடுடன் வினைபுரியும்போது, அதன் ஆக்சிஜன் −1 இலிருந்து −2 க்கு இறங்க, அயோடைடு அயோடினாகிறது. இங்கு பெராக்சைடு ஆக்சிஜனேற்றி. அதே பெராக்சைடை அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் விட்டால், மாங்கனீசு +7 இலிருந்து +2 க்கு இறங்குவதால் ஊதா நிறம் மறைய, பெராக்சைடின் ஆக்சிஜன் −1 இலிருந்து 0 க்கு ஏறி வாயுக் குமிழிகளாக வெளியேறுகிறது. இங்கு அது ஒடுக்கி. ஆக்சிஜன் என்றாலே −2 என்று பழக்கத்தில் எழுதிவிடுபவருக்கு முதல் வினையில் பெராக்சைடு ஒடுக்கமடைவதே கண்ணில் படாது. ஆகவே எண்ணை ஒவ்வொரு சேர்மத்திலும் புதிதாகக் கணக்கிடுவதுதான் சரி.

மாங்கனீசு டை ஆக்சைடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரிந்து குளோரினைத் தரும் சமன்பாட்டில் இன்னும் நுட்பமான ஓர் இடறல் இருக்கிறது. அமிலத்தின் நான்கு மூலக்கூறுகளில் இரண்டின் குளோரைடு மட்டுமே −1 இலிருந்து 0 க்கு ஏறி மாங்கனீசை ஒடுக்குகிறது. மற்ற இரண்டின் குளோரைடு −1 ஆகவே நீடித்து மாங்கனீசு குளோரைடில் சேர்கிறது. அமிலம் ஒடுக்கி என்று எழுதுவது சரியே என்றாலும், நான்கு மூலக்கூறுகளும் ஆக்சிஜனேற்றம் அடைந்ததாகக் கொண்டால் எலக்ட்ரான் கணக்கு இரு மடங்காகப் பிழைத்துவிடும்.

எல்லா வினையிலும் ஆக்சிஜனேற்றியும் ஒடுக்கியும் வெவ்வேறு பொருள்களாகவே இருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. குளிர்ந்த, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் குளோரினைச் செலுத்தினால், அதன் ஓர் அணு சோடியம் குளோரைடில் −1 ஆகவும் மற்றோர் அணு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் +1 ஆகவும் மாறுவதால், குளோரினே ஆக்சிஜனேற்றி, குளோரினே ஒடுக்கி.