கோழிக்கூட்டில் செள்: ராத்திரியில்தான் பிடிபட்டது

கோழிகளின் கொண்டை வெளுத்துப்போய், முட்டையும் குறைந்தது. பகலில் இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இருட்டியபின் டார்ச் அடித்து, கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். துணியெல்லாம் ரத்தக் கீறல். சிவப்புச் செள்! பகலெல்லாம் இடுக்கில் பதுங்கி, ராத்திரி மட்டும் ரத்தம் குடிக்க ஏறும்.

என்னைக் கேட்டால், கோழியை விடக் கூட்டுக்குத்தான் வைத்தியம். கட்டைகளைக் கழற்றி, முனைகளிலும் ஆணி ஓட்டைகளிலும் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயப்போட்டேன். பழைய வைக்கோல் மொத்தமும் வெளியே. முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக ஒரு வாரமே போதும் என்பதால், அடுத்த வாரமும் அதே வேலை. கூட்டைச் சும்மா காலியாகப் போட்டுப் பயனில்லை, ரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் தாங்கும்.

தெருவிலிருந்து மீட்ட நாயும் கூட்டருகே படுத்து விடாமல் சொறிந்தது. இந்தச் செள் நாயையும் கடிக்கும். படுக்கையை இடம் மாற்றியதும் அடங்கியது. ஆனால் நாய் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்தைக் கோழிக்கு விடவே கூடாது. முட்டையில் தங்கிவிடும், 2017இல் ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் முட்டைகளைத் திரும்பப் பெற்றது அவற்றில் ஃபிப்ரோனில் இருந்ததால்தான். கோழிக்கான மருந்தையும், எத்தனை நாள் முட்டையைத் தொடக்கூடாது என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.