கைக்குழந்தைக்கு பசும்பால்: குடுக்கலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது

பசும்பால் நல்லதா கெட்டதான்னு மொட்டையா கேட்டா பதில் சொல்ல முடியாதுங்க. குழந்தைக்கு எத்தனை மாசம், ஒரு நாளைக்கு எவ்ளோ உள்ள போகுது, அதைக் குடிச்சு வயிறு ரொம்பி வேற எதை சாப்பிடாம விடுது, இந்த மூணையும் சேர்த்துதான் பாக்கணும்.

ஆறு மாசத்துக்குள்ளன்னா யோசிக்கவே வேணாம், தாய்ப்பால், அது முடியலன்னா பார்முலா (கைக்குழந்தைக்குன்னே தயாரிச்ச பால் பவுடர்), அவ்ளோதான்.

குழப்பமே ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும்தான். பொறக்கும்போது உடம்புல சேத்து வச்சிருந்த இரும்புச்சத்து ஆறு மாசம் வாக்குல தீர ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு சுமார் 11 மில்லிகிராம் வேணும்னு அமெரிக்க கணக்கு சொல்லுது, ஆனா ஒரு லிட்டர் பசும்பால் முழுசா குடிச்சாலும் ஒரு மில்லிகிராம் கூட தேறாது, அதுலயும் உடம்பு எடுத்துக்கறது கொஞ்சம்தான், பால்ல இருக்கற கால்சியம் வேற குறுக்க நிக்கும். சில குழந்தைங்களுக்கு குடல்ல கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ரத்தம் கசியும். இப்படித்தான் கொழுகொழுன்னு இருக்கற குழந்தைக்கும் ரத்தசோகை வருது, நாம அதை கவனிக்கறதே இல்ல.

அடுத்தது கிட்னி. தாய்ப்பால்ல 100 மில்லிக்கு புரோட்டீன் ஒரு கிராம்தான், பசும்பால்ல மூணு கிராமுக்கு மேல, உப்பும் ஜாஸ்தி, இதோட கழிவை வெளியேத்த கிட்னிக்கு நிறைய தண்ணி செலவாகும். சாதாரண நாள்ல எப்படியோ ஓடிடும், காய்ச்சலோ பேதியோ வந்தா உடம்புல தண்ணி சீக்கிரம் வத்திடும்.

"தண்ணி கலந்து குடுத்தா சரியாயிடும்"னு வீட்டுக்கு ஒருத்தராவது சொல்லுவாங்க. உப்பு குறையும்தான், கூடவே கலோரியும் குறையும், ஏற்கனவே இல்லாத இரும்பு இன்னும் இல்லாம போகும்! காய்ச்சறதும் அப்படித்தான், கிருமி சாகும், அதனால பச்சைப்பால் எந்த வயசுலயும் குடுக்காதீங்க, ஆனா இரும்பு இல்லாததும் புரோட்டீனும் உப்பும் ஜாஸ்தியா இருக்கறதும் அப்படியேதான் இருக்கும்.

அதுக்காக ஆறு மாசத்துக்கு மேல சாப்பாட்டுல கொஞ்சம் பால் சேர்க்கறதுக்கோ ஒரு ஸ்பூன் தயிருக்கோ பயப்படாதீங்க. முதல் தடவை மட்டும் கொஞ்சமா குடுத்து பாருங்க, தடிப்பு, வாந்தி, மோஷன்ல ரத்தம் வந்தா நிறுத்திட்டு டாக்டரை பாருங்க, மூச்சு இழுத்தா முகம் வீங்கினா உடனே ஆஸ்பத்திரி.

தாய்ப்பாலும் இல்ல, பார்முலா வாங்கவும் வசதி இல்லன்னா? உலக சுகாதார நிறுவனமே 2023ல, தாய்ப்பால் இல்லாம வேற பால் குடிக்கற 6 முதல் 11 மாச குழந்தைக்கு பார்முலாவோ விலங்குப் பாலோ குடுக்கலாம்னு சொல்லிருக்கு. ஆனா இரும்புச்சத்துக்கு முட்டை, கறி, பருப்பு, கீரைன்னு சாப்பாட்டை கெட்டியா பிடிச்சுக்கணும், இரும்புச்சத்து சொட்டு மருந்து தேவையான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். காசு மிச்சம் பண்ண பார்முலாவுல தண்ணியை ஜாஸ்தி ஊத்தறது மட்டும் வேணவே வேணாம்.

ஒரு வயசுக்கு மேல தாராளமா குடுங்க, ரெண்டு வயசு வரைக்கும் கொழுப்பு எடுக்காத பால், ஆனா ஒரு நாளைக்கு அரை லிட்டரோட நிறுத்திக்கங்க, பாட்டில்ல வேணாம், டம்ளர்ல. இதுவரைக்கும் தெரியாம குடுத்துட்டு இருந்தீங்கன்னா எவ்ளோ, எத்தனை நாளான்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லி ஹீமோகுளோபின் டெஸ்ட் தேவையான்னு கேளுங்க.